சுனாமி எச்சரிக்கையை இயந்திரத்திடம் விடலாம் என்றால், அணுவாயுத முடிவை ஏன் விடக்கூடாது?

சம்மாந்துறையில் கணினி படிக்கும் மாணவன் என்று அறிமுகம் செய்துகொண்டு நீங்கள் கேட்டது இதுதான்: மனிதன் பதறுவான், களைத்துப்போவான், கோபத்தில் முடிவெடுப்பான். இயந்திரத்திற்கு இந்தக் குறைகள் இல்லை. சுனாமி என்றால் கருவிகள் சொல்வதை நம்பித்தான் கரையோரத்தைக் காலிசெய்கிறோம். அணுவாயுதம் என்றதும் மட்டும் "முடிவு மனிதன் கையில்தான் இருக்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்வது வெறும் பழைய பயம்தானே? தம்பி, இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யார் கூடுதல் சரியாகக் கணிக்கிறார்கள் என்பது ஒன்று. கணிப்பு பிழையாகிவிட்டால் அதைத் திருத்த வழி இருக்கிறதா என்பது மற்றது. முதலாவதில் நீங்கள் சொல்வதில் நிறைய உண்மை உண்டு. இரண்டாவதை நீங்கள் கேட்கவே இல்லை. என் பதில் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

நான் படித்தது மின்னணுவியல். மட்டக்களப்பில் அனர்த்த முன்னெச்சரிக்கை வேலையில் நீண்ட காலம் இருந்தேன். அணுவாயுதக் கட்டளை நிலையம் எதற்குள்ளும் நான் கால்வைத்ததில்லை. அதைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் இரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களிலும் விசாரணைகளிலும் வெளிவந்தவை. ஆனால் ஓர் எச்சரிக்கை எந்த எந்த இடங்களில் பிழையாகும் என்பதை வேலையிலேயே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சுனாமியை உதாரணம் காட்டியதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபின் அலை நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நவலடியிலோ கல்முனையிலோ மருதமுனையிலோ இருந்த எவருக்கும் ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பிறகுதான் 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், கரையோர எச்சரிக்கைக் கோபுரங்களும், இந்து சமுத்திர நாடுகளுக்கான எச்சரிக்கை முறைமையும் வந்தன.

2012 ஏப்ரல் 11. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்ததால் நகரத்துப் புடவைக் கடைகளெல்லாம் சனம். பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் சுமாத்திராவுக்கு மேற்கே நடுக்கம், அளவு 8.6. எங்கள் கைக்கு வந்த தாளில் நேரம், இடம், ஆழம், அளவு என்று நான்கு விபரங்கள் இருந்தன. கடல் மட்டம் பற்றி ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் கடலில் இருக்கும் மிதவைகளும் அலைமானிகளும் எதையாவது காட்டுவதற்கு நேரம் எடுக்கும். அந்த நான்கு விபரங்களை வைத்துக்கொண்டே கரையைக் காலிசெய்யச் சொன்னோம். பொலிஸ் வாகனங்களின் ஒலிபெருக்கி, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி எல்லாம் ஒரே செய்தியைச் சொல்லின. கல்லடியில் அப்போது பழைய இரும்புப் பாலம் ஒன்றுதான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டுமே போகக்கூடிய பாலம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் அந்த நிலத் துண்டிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த சனம் முழுவதும் அதன் வாசலில் நெருக்கியது. ஒரு தாய் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பெரிய கடித உறை ஒன்றையும் பிடித்திருந்தார். உறைக்குள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. 2004இல் அவற்றையும் இழந்தவர் அவர். அன்று பேரலை வரவில்லை. நிலத்தட்டு மேலே எழாமல் பக்கவாட்டில் வழுக்கியிருந்தது. அப்படி வழுக்கினால் கடல் நீர் பெரிதாக இடம்பெயராது. கடல் மட்டக் கணக்குகள் வந்தபின் மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. மறுநாள் எங்களை ஏசியவர்களும் இருந்தார்கள். இருந்தாலும் அதே நான்கு விபரங்களோடு அதே தாள் மறுபடி வந்தால் அதே முடிவைத்தான் எடுக்கச் சொல்வேன்.

காரணம் எளிது. பிழையான சுனாமி எச்சரிக்கையின் விலை ஒரு பிற்பகல் ஓட்டம். சொல்லாமல் விட்ட எச்சரிக்கையின் விலை 2004. அதனால் சுனாமியில் "சந்தேகம் என்றால் ஓடு" என்பதே விதி. அந்த விதியைக் கருவியிடம் கொடுத்துவிடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அணுவாயுதத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். அங்கே எச்சரிக்கைக்குப் பதிலாகச் செய்யும் செயல் ஓட்டம் அல்ல, எதிர்த்தாக்குதல். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை ஏவிவிட்டால் நடுவழியில் திருப்பி அழைக்கும் வசதி கிடையாது. பிழையான எச்சரிக்கையை நம்பி ஏவினால், இல்லாத போரை நாமே உண்டாக்கிவிடுகிறோம். எனவே அங்கே விதி "சந்தேகம் என்றால் காத்திரு" என்பதாகத்தான் இருக்க முடியும். ஒரே வகைக் கருவி, ஒரே வகைக் கணக்கு. ஆனால் பிழையின் விலை மாறும்போது கருவியிடம் கொடுக்கக்கூடிய அதிகாரமும் மாறிவிடும்.

இனி, உறுதியாகத் தெரிந்த சம்பவங்களுக்கு வருகிறேன். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த வேளை. மொஸ்கோவுக்குத் தெற்கே உள்ள செர்புகோவ்-15 என்ற நிலவறையில் கடமைப் பொறுப்பில் இருந்தவர் லெப்டினன்ட் கேணல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். சோவியத் செய்மதி முறைமை அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியதாகக் காட்டியது. பிறகு மேலும் நான்கு. கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு 269 பேர் இறந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இரு தரப்பும் கொதிநிலையில் இருந்த நேரம். பெத்ரோவ் அதைப் பிழையான எச்சரிக்கை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். மிக உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செய்மதிகள் ஏவுகணைச் சுவாலையாக எடுத்திருந்தன என்று பின்னர் தெரிந்தது.

அவருக்கு ஏதோ உள்ளுணர்வு என்று கதை சொல்வார்கள். அவர் பின்னாளில் சொன்ன காரணங்களைக் கவனித்தால் அங்கே ஒழுங்கான சிந்தனை ஒன்று தெரியும். போரைத் தொடங்குகிறவன் ஐந்து ஏவுகணையோடு தொடங்கமாட்டான். அந்த முறைமை புதியது, அதை முழுதாக நம்ப அவர் தயாராக இருக்கவில்லை. தரையிலிருந்த ராடார்கள் எதையும் காட்டவில்லை. முதல் காரணம் எதிரி எப்படி நடந்துகொள்வான் என்ற அறிவு. இரண்டாவது, தன் கருவியின் குறை பற்றிய அறிவு. மூன்றாவது, வேறு வழியாக வந்த தனிச் சான்று. இந்த மூன்றில் முதல் இரண்டும் அவருக்கு முன்னால் இருந்த திரையில் இல்லை. தனக்கே அப்போது பாதிக்குப் பாதிதான் நிச்சயம் இருந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிச் சந்தேகத்தோடு மேலிடத்துக்குப் பேசியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெத்ரோவ் அப்படி அறிவித்ததும், எச்சரிக்கை பிழை என்பதும் உறுதி. அவர் வேறுமாதிரி அறிவித்திருந்தால் போர் வெடித்தே இருக்கும் என்பது உறுதி அல்ல. அவருக்கு மேலே வேறு அதிகாரிகள் இருந்தார்கள், ஏவும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை. அதுபோலவே 1962 அக்டோபர் 27இல், கியூப நெருக்கடியின்போது பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியில் இருந்த அதிகாரி வசீலி ஆர்க்கிப்போவ், நீருக்கடியில் பாயும் அணுவாயுத டோர்பிடோவைச் சுடவிடாமல் தடுத்தார் என்ற கதையிலும், அந்தக் கப்பலில் இருந்தவர்களின் நினைவுகளே ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகவில்லை. நீர்மூழ்கியில் அந்த டோர்பிடோ இருந்தது, அமெரிக்கக் கப்பல்கள் பயிற்சி வெடிகளைப் போட்டு அதை மேலே வரச்செய்தன, டோர்பிடோ சுடப்படவில்லை. இவை உறுதி. உள்ளே யார் என்ன சொன்னார் என்பதைச் சற்றுத் தள்ளிவைத்தே பேச வேண்டும்.

அமெரிக்கப் பக்கமும் இதே கதைதான். 1979 நவம்பர் 9 அன்று, பயிற்சிக்கான தாக்குதல் காட்சி ஒன்று உண்மையான எச்சரிக்கைத் திரைகளுக்குள் புகுந்து, சோவியத்தின் பெருந்தாக்குதலாகத் தெரிந்தது. போர்விமானங்கள் கிளம்பின. 1980 ஜூனில் நடந்தது மின்னணுவியல் படித்தவனாக எனக்கு இன்னும் நெருக்கமானது. எச்சரிக்கை நிலையத்திலிருந்து மற்றக் கட்டளை நிலையங்களுக்குத் தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இடைவிடாமல் ஒரு செய்தி போய்க்கொண்டிருக்கும். அதில் ஏவுகணைகளின் எண்ணிக்கைக்குரிய இடத்தில் பூச்சியங்கள் இருக்கும். தொடர்புக் கணினியில் ஒரு மின்னணுச் சில்லு பழுதாகி, அந்தப் பூச்சியங்களின் இடத்தில் ஆங்காங்கே இரண்டு என்ற இலக்கத்தைப் போட்டது. 46 சதம் பெறுமதியான சில்லு. குண்டுவீச்சு விமானங்களின் இயந்திரங்களை இயக்கிவைக்கும் அளவுக்கு அது போய்விட்டது. இரு சம்பவங்களிலும் காப்பாற்றியது ஒன்றுதான்: திரையில் தெரிந்த தொகுப்பை விட்டுவிட்டு, செய்மதியிலும் ராடாரிலும் இருந்தவர்களிடம் "நீங்கள் நேரே ஏதாவது பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்கள், அங்கே எதுவும் இல்லை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். நீங்கள் கணினி படிப்பவர் என்பதால் சொல்கிறேன். நிமிடத்துக்கு ஒரு தடவை "தாக்குதல் உண்டா, இல்லையா" என்று முடிவுசெய்யும் ஒரு முறைமையை வைத்துக்கொள்ளுங்கள். பத்து இலட்சம் தடவையில் ஒரே ஒரு தடவைதான் பிழையாக "உண்டு" என்று சொல்லும் என்போம். எந்தப் பரீட்சையிலும் இதைவிட நல்ல புள்ளி கிடைக்காது. ஓராண்டில் 5,25,600 நிமிடங்கள். ஆக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை அது உலக யுத்தத்தை அறிவிக்கும். ஏவுகணைகள் வந்த காலத்திலிருந்து இன்றுவரை உண்மையான அணு ஏவுகணைத் தாக்குதல் எத்தனை? ஒன்றுமில்லை. இதுவரை ஒலித்த ஒவ்வொரு மணியும் பிழையான மணிதான். மிக அரிதான ஒன்றைத் தேடும்போது, நல்ல கருவியின் "ஆம்" கூடப் பெரும்பாலும் பிழையாகவே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது இன்னும் கடினமாகிறது. அத்தகைய முறைமை பழைய உதாரணங்களிலிருந்து கற்கிறது. முகம் அறிவதற்கும் நெல்லில் நோய் அறிவதற்கும் ஆயிரக்கணக்கில் படம் கொடுக்கலாம். அணுவாயுதத் தாக்குதலின் முதல் பத்து நிமிடங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உண்மை உதாரணம்கூட இல்லை. யாரோ கற்பனை செய்து எழுதிய ஒத்திகைகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றில் கற்ற இயந்திரம், எழுதியவர்கள் நினைத்துப்பார்க்காத மேகத்தையும் சூரிய ஒளியையும் சந்திக்கும்போது என்ன சொல்லும் என்று எவராலும் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க முடியாது. அதைவிட, தான் பிழைவிடும்போதும் அதே உறுதியான குரலில் அது சொல்லும்.

மனிதன் பிழைவிடுவான் என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஓர் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். அவர்களில் 66 பேர் குழந்தைகள். கப்பலின் கணினி விமானம் மேலே ஏறுகிறது என்று சரியாகவே பதிவுசெய்திருந்தது. மனிதர்கள்தான் அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று நம்பினார்கள். 2018 ஜனவரி 13 காலை ஹவாய் மக்களின் கைத்தொலைபேசிகளுக்கு "ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல" என்ற செய்தியை அனுப்பியவரும் ஒரு மனித ஊழியர்தான். அது பிழை என்ற திருத்தம் போய்ச்சேர 38 நிமிடங்கள் ஆயின. ஆகவே ஒரு மனிதனைக் கதிரையில் இருத்திவிட்டால் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படி இருத்துவது பயனில்லாமல் போன உதாரணமும் உண்டு. 2003 ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை முறைமை, திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய டோர்னாடோ விமானம் ஒன்றை எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. அதன் முன் மனிதர்கள் இருந்தார்கள். ஒரு நிமிடமளவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தாமே சரிபார்க்க வேறு சான்று கையில் இல்லை. மென்பொருளை நம்பப் பழக்கப்பட்டிருந்தார்கள். சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். சில நாட்களில் அமெரிக்கக் கடற்படையின் சொந்த விமானம் ஒன்றையும் அதே முறைமை வீழ்த்தியது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் மனிதக் கட்டுப்பாட்டின் கீழ் நடந்தவை.

இதனால்தான் "பொத்தானை யார் அழுத்துவது" என்ற பேச்சில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. பொத்தானை நேரடியாக இயந்திரத்திடம் கொடுக்கப்போவதாக எந்த வல்லரசும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2022இல் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் மூன்றும் மனிதக் கட்டுப்பாட்டைக் கைவிடமாட்டோம் என்று எழுத்தில் கூறின. 2024 நவம்பரில் பெருவின் லீமா நகரில் சந்தித்த அன்றைய அமெரிக்க ஜனாதிபதி பைடனும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் அணுவாயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ஆபத்து நுழையும் வாசல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஆயிரம் கருவிகளின் தரவை வடிகட்டி, சுருக்கி, "தாக்குதல், நம்பகத்தன்மை 97 வீதம்" என்று ஒற்றை வரியாக ஜனாதிபதியின் முன் வைப்பது ஓர் இயந்திரம் என்றால், முடிவை அவர் எடுத்ததாகச் சொல்லலாமா? 1980இல் திரையைத் தாண்டி ராடாரில் இருந்தவரிடம் கேட்க முடிந்தது. அந்த ராடார்காரருக்கும் அதே மென்பொருள்தான் சொல்லிக்கொடுக்கிறது என்றால், இரண்டாவது சான்று என்று ஒன்று இல்லாமலே போய்விடும். ஒரே தாளின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு இரு சாட்சி என்று சொல்வதற்கில்லை.

மற்றது நேரம். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்துசேர ஏறத்தாழ 30 நிமிடங்கள்; அருகிலுள்ள நீர்மூழ்கியிலிருந்து வந்தால் அதில் பாதியோ அதற்கும் குறைவோ. கண்டறிதல், உறுதிப்படுத்தல், தலைவரைத் தொடர்புகொள்ளல் எல்லாம் போக, அவருக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். இந்த அவசரம் முழுவதும் இயற்கை தந்ததல்ல. நிலத்துக் குழிகளில் நிற்கும் ஏவுகணைகள் அழிக்கப்படுமுன் ஏவிவிட வேண்டும் என்ற கொள்கை உருவாக்கிய அவசரம் அது. பதிலடிக்கான ஆயுதங்கள் கடலுக்கடியில் தேடமுடியாத நீர்மூழ்கிகளிலும் இருக்கும்போது, எச்சரிக்கையை மட்டும் நம்பி ஏவ வேண்டிய தேவை என்ன? மனிதக் கட்டுப்பாடு என்று கையெழுத்திட்டுவிட்டு இந்தக் கொள்கையையும் வைத்துக்கொண்டிருப்பவர்கள், அந்த மனிதனுக்குக் கதிரையைக் கொடுத்துவிட்டு யோசிக்கும் நேரத்தைப் பறித்துக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. இதில் என்னோடு உடன்படாத இராணுவ அறிஞர்கள் உண்டு. எதிரி முதலில் அடிக்கத் துணியாமல் இருப்பதற்கே இந்தத் தயார்நிலை உதவுகிறது என்பார்கள்.

சோவியத்தின் பெரிமீட்டர் முறைமையையும் சிலர் இங்கே உதாரணம் காட்டுவார்கள். 1985இல் சேவைக்கு வந்த அது, தலைமை அழிந்து தொடர்பும் அறுந்து, அணுவெடிப்பின் அடையாளங்களும் கருவிகளில் தெரிந்தால் பதிலடிக்கு வழி திறக்கும். முழுத் தன்னியக்கம் என்ற யோசனையும் அங்கே பேசப்பட்டது. கடைசியில் ஆழ்நிலவறை ஒன்றில் இருக்கும் சில அதிகாரிகளின் கையில் இறுதி அடியை விட்டார்கள். அந்தளவு கடும் ஆட்சியே கடைசிப் படியில் மனிதனை வைத்தது என்பதைக் கவனியுங்கள்.

நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிமுனை இல்லை, யாரும் இறக்கவில்லை. இந்தியா பின்னர் மூன்று விமானப்படை அதிகாரிகளைப் பதவி நீக்கியது. இரண்டும் அணுவாயுத நாடுகள். இடையே ஏவுகணைக்குச் சில நிமிடத் தூரம். அந்த நிமிடங்களில் பாகிஸ்தான் பக்கம் பதிலுக்கு எதுவும் ஏவப்படவில்லை. "எல்லை தாண்டிய ஏவுகணைக்கு உடனே பதில்" என்று ஒரு நிரல் அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தால் கதை வேறு.

சிறிய நாட்டுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள். 1995இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஜயந்த தனபால. 1996இல் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிக் கருத்துரைத்தபோது, எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதமே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நம் நாட்டு நீதியரசர் வீரமந்திரி. 2023இல் இலங்கை அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இணைந்துகொண்டது. அந்த அளவுக்கு நம் குரலுக்கு இடம் இருக்கிறது.

உங்கள் இறுதியாண்டுச் செயற்திட்டம் வழமைக்கு மாறானவற்றைக் கண்டறியும் மென்பொருள் என்று எழுதியிருந்தீர்கள். அதன் துல்லியத்தை ஒற்றைச் சதவீதமாகக் காட்டாமல், அது எத்தனை தடவை வீணாக மணியடித்தது, அப்படி அடித்தபோது பார்ப்பவர் மூலத் தரவைத் திறந்து பார்க்க எத்தனை விநாடி ஆயிற்று, அவர் "இல்லை" என்று சொன்னால் மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டதா என்ற மூன்றையும் சேர்த்து அளந்து எழுதுங்கள். கரையோர எச்சரிக்கை வேலைக்கு அந்த மூன்று அளவுகளும் எங்களுக்குத் தேவைப்பட்டன. விரும்பினால் உங்கள் தரவை இங்கேயே இடுங்கள். கணக்கைச் சேர்ந்தே பார்க்கலாம்.